மெற்றில்டா வீங்கி நின்ற பத்தொன்பது நாட்கள்

சூசையப்பர் தெருவின் பதினாறு வீடுகளையும் ஒரே வாரத்தில் இடித்துத் தள்ளிவிட்டு, மிச்சம் நின்ற பதினேழாவது வீட்டை இடிக்க ஜேசிபி வந்த திங்கட்கிழமை காலையில், அந்த வீட்டுக்காரி மெற்றில்டா கடலிலிருந்து கோரி வைத்திருந்த வெள்ளத்தை ஒரு குடம், இரண்டு குடம், மூன்று குடம் என்று மூச்சு விடாமல் குடித்தாள். குடித்து முடித்ததும் தன் முன்வாசல் நிலைக்குள் போய் நின்று, இடது தோள் ஒரு கட்டையிலும் வலது தோள் மறு கட்டையிலும் முட்டும்படி வீங்கினாள்.

ஆனைப்பாறைத் துறையின் ஆண்களும் பெண்களுமாக முந்நூறு பேர் அப்போது அங்கே நின்றோம். ஒருவரும் அலறவில்லை, ஒருவரும் ஓடவில்லை. "பாத்தியளா அவளுக்க அழும்ப" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, மற்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மனுஷி ஒருத்தி, ஆழ்கடலில் வீங்கும் ஒரு சுறாவைப்போல, வீங்க முடியுமா என்பது அன்று எங்களுக்குக் கேள்வியாகவே இல்லை. எங்களைக் கெடுப்பதற்கென்றால் மெற்றில்டா எதையும் செய்வாள் என்று நாங்கள் வெகுகாலமாகவே நம்பிக்கொண்டிருந்தோம்.

அவ்வளவு வெறுப்பு. துறைமுகம் வந்து நான்கு வருஷமாகியும் லாரி வர வழியில்லாமல், பிடித்த மீனைத் தலைச்சுமையாக மெயின் ரோட்டுக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் பாதி நொந்து கெட்டுப்போகும். ரோடு போட ஒப்பந்தக்காரர் சம்மதித்தார். சூசையப்பர் தெரு வழியாக நேராகப் போட்டால்தான் முடியும் என்றார். தெருக்காரர்களுக்கு மேட்டில் காலனி வீடு கட்டித்தருவதாகப் பேச்சு. எங்கள் துறையில் வீடு ஆணுக்குக் கிடையாது. தாய் மகளுக்குக் கொடுப்பாள், கட்டுகிறவன் தன் துணிமணியோடு பெண்வீட்டுக்கு வந்து சேருவான். ஆனால் ஊர்க்கமிட்டியில் பெண் கிடையாது. அதனால் அந்தப் பதினாறு வீடுகளுக்கும் புருஷன்மார் நாங்கள்தான் டீக்கடையில் உட்கார்ந்து சம்மதம் எழுதிக் கொடுத்தோம். மெற்றில்டாவின் புருஷன் ததேயு செத்து ஒன்பது வருஷம். அவளுக்காகக் கையெழுத்துப் போட ஆள் இல்லாததால், அந்தத் தெருவிலேயே அவளிடம் மட்டும்தான் கேட்க வேண்டி வந்தது. அவள் மாட்டேன் என்றாள்.

கேட்கப் போனவர் கமிட்டித் தலைவர் பெல்லார்மின். செத்துப்போன ததேயுவின் தம்பி, அவளுக்குக் கொழுந்தன். "மைனி, ஊர் நன்மைக்காக்கும்" என்றார். "ஊர் எனக்கு என்ன நன்ம செஞ்சுது, அதச் சொல்லு மொதல்ல" என்று கேட்டுவிட்டு அவள் மீன் கழுவிய வெள்ளத்தை அவர் காலடியில் ஊற்றினாள். மீன்கூடையை எட்டி மிதித்த பஸ் கண்டக்டரின் விசிலைப் பிடுங்கிக் கடலில் எறிந்தவள் அவள். நாற்பத்தெட்டு வயசு, விறகுக் கொள்ளிபோல உடம்பு, வாயைத் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஒரே மகளை, பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் வழக்கமுள்ள வேறு துறையில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாகக் கிடந்தாள்.

இனி அந்தச் சுறாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜேசிபி வருவதற்கு மூன்று வாரம் முன்பு, நான் வேலை செய்யும் ஏசுவடியானின் போட்டில், விரித்த கையளவில் நூற்றைம்பது பாகம் ஆழத்தில் பாறைக்கூட்டத்தின்மேல் தூண்டில் இறக்கியிருந்தோம். ஏறி வந்தது ஒன்று. முழங்கை நீளம்தான். தவிட்டு நிறம், முதுகில் குறுக்கே ஏழெட்டுக் கறுத்த தேமல், பூனைக்கண், உடம்புக்குப் பொருந்தாத அகல வாய். தளத்தில் போட்டதும் காற்றை உறிஞ்சி உறிஞ்சிப் பானைபோல உப்பி, கை வைத்தால் நாய்க்குட்டிபோல ஒரு குரை குரைத்தது. பேத்தை மீன்போல உப்புவதால் அதற்கு எங்கள் துறையில் பேத்தைச்சுறா என்று பேர். தின்ன ஆகாது என்று ஏலத்தில் யாரும் கேட்கவில்லை. மணலில் கிடந்த அதன் பக்கத்தில் மெற்றில்டா கூடையை இறக்கிவிட்டுக் குந்தினாள்.

"இது எதுக்குவே இப்படி வீங்குது?"

"அதுக்கு வேற ஆயுதம் கிடையாது மெற்றில்டா" என்றார் ஏசுவடியான். அறுபது வயசுக்காரர், கடலைப் பற்றிப் பேசும்போது மட்டும் நிதானமாகப் பேசுவார். "பெரிய சுறாவோ மற்றதோ திங்க வந்தா, பாறைப் பொடவுக்குள்ள நுழஞ்சு, தனக்க வாலத் தானே கடிச்சு வளஞ்சுகிட்டு, வயிறு நிறயக் கடல்வெள்ளத்தக் குடிக்கும். ரெண்டு பங்கா வீங்கிரும். பிறவு பொடவுலேந்து அத ஒருத்தனும் இழுக்க முடியாது."

"பிறவு?"

"பிறவு என்ன, திங்க வந்தவன் பசியோட போவான்."

அவள் அதை ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய், பாறை முனையில் நின்று கடலில் விட்டாள். செத்திருக்கும் என்று ஏசுவடியான் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எனக்குத் தெரியாது. எங்கள் துறையில் யாரும் கேட்கவும் இல்லை.

அவள் வீங்கிய முதல் நாளே, கரைமடி வலை இழுக்கிற பன்னிரண்டு பேர் கயிற்றோடு வந்தோம். அவளுடைய அரையில் கயிற்றைச் சுற்றி ஏலேலம் போட்டு இழுத்தோம். அவள் குனிந்து தன் கணுக்கால்களைத் தானே பிடித்துக்கொண்டு வளைந்தாள், வளைந்ததும் இன்னும் ஒருசாண் பெருத்தாள், நிலைக்கட்டை முறுமுறுத்தது, கயிறு அறுந்து நாங்கள் பன்னிரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவராக மணலில் விழுந்தோம். அவள் மேலெல்லாம் தவிட்டு நிறம் பரவி, தோளிலும் முதுகிலும் கறுத்த தேமல்கள் இறங்கியிருந்தன. தோல் உப்புத்தாளைப்போலச் சொரசொரத்தது. அவளைத் தொட்ட என் கையில் தோலுரிந்து எட்டு நாள் எரிந்தது.

பின்சுவரை இடித்து உள்ளே போகலாம் என்று பெல்லார்மின் சொன்னார். ஜேசிபி ஓட்டுகிறவன் சேலத்துக்காரன். ஒருமுறை இரும்புக் கையால் சுவரைத் தட்டிப் பார்த்தான். உள்ளே அறை முழுக்க அவள் வயிறு நிரம்பியிருந்ததால் சுவர் அசையவில்லை, உறி ஆடுவதுபோல வண்டிதான் ஆடியது. "ஆள் உள்ள இருக்கையில நான் இடிக்கமாட்டேங்க, எனக்கும் பொண்ணு இருக்குது" என்று சொல்லி இறங்கி, வண்டியின் நிழலிலேயே பாய் விரித்துப் படுத்தான்.

மூன்றாம் நாள் பங்குச் சாமியார் வந்து, பிடிவாதப் பேய் ஒழிய மந்திரித்த தீர்த்தத்தைத் தெளித்தார். அவள் வாயைத் திறந்து அதையும் குடித்து இரண்டு விரற்கடை கூடினாள். சாமியார் மிச்சத் தீர்த்தத்தைப் பத்திரமாக மூடி எடுத்துக்கொண்டு திரும்பினார். ஐந்தாம் நாள் சுகாதார நர்ஸ் வந்தாள். பிரஷர் பார்க்கும் பட்டை அவள் கையைச் சுற்றி எட்டாததால் நீர்க்கோவை என்று எழுதிக்கொண்டு போனாள். அதன் மறுநாள் வந்த அதிகாரி நாடாவால் அளந்து, வாசலில் ஓர் இடையூறு, அகலம் மூன்றேகால் அடி என்று குறித்துக்கொண்டார். எழுதுகிறவர்களெல்லாம் எழுதிவிட்டுப் போனபிறகு, ஒருவன் மீன் தூக்கும் கொக்கியை எடுத்து வந்து அவள் விலாவில் குத்தினான். கொக்கியின் முனை மடங்கியது. அவள் கத்தவில்லை. அவனை மட்டும் பார்த்தாள், கண்ணின் பாவை பூனைக்குப்போலக் கோடாகச் சுருங்கியது. அவன் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. நாங்கள் அத்தனைபேரும் பார்த்துக்கொண்டு நின்றோம், ஒருவரும் தடுக்கவில்லை, அது போதும்.

பிறகு ஊர் அவளோடு பழகிக்கொண்டது. பழகியது என்றால் அன்பு வந்தது என்று அர்த்தமில்லை. பாறையைச் சுற்றி நடப்பதுபோல அவளைச் சுற்றி நடந்தார்கள். அவள் நிழல் விழும் பக்கத்தில் நெத்திலிக் கருவாடு உலர்த்தினார்கள், போகிறபோக்கில் அவள்மேல் துப்பினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் அவள் எவ்வளவு பெருத்திருக்கிறாள் என்று நிலைக்கட்டையில் கரியால் கோடு போட்டார்கள். அடுத்த துறைகளிலிருந்து ஆட்கள் பஸ் ஏறிப் பார்க்க வந்தார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டார். ஒரு தாய் பிள்ளையில்லாத மகளைக் கூட்டிவந்து அந்த வயிற்றைத் தொடவைக்கப் போக, பெல்லார்மின் வலைக்கயிற்றை ஓங்கி விரட்டினார். "இவ புனிதையில்ல, வழிய முடக்குத முடக்குக்காரி!" என்று கத்தினார். சாயங்காலம் ஒருமுறை உள்ளிருக்கும் காற்றில் கொஞ்சத்தை விடுவாள். அப்போது தொண்டையிலிருந்து நாய்க்குரலில் ஒரு குரை வரும். முதல் நாலைந்து நாள் தெருநாய்கள் பதில் குரைத்தன. அப்புறம் துறையில் ஒரு நாயும் குரைக்கவில்லை. அந்த வேலைக்கு ஆள் வந்துவிட்டது என்று அவை நினைத்திருக்க வேண்டும்.

பத்தாம் நாள், கோயில் திருவிழாவுக்குக் கோயிலிலிருந்து துறைவரை நீல சீரியல் பல்பு கட்டினார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த நீல வெளிச்சம் அவள்மேல் விழுந்ததும், தேமல்களுக்கு இடையில் இருந்த புள்ளிகளெல்லாம் பச்சையாக எரிந்தன. சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் நின்றுவிட்டார்கள். சப்பரத்தில் இருந்த சூசையப்பரைவிட அவள் நன்றாகத் தெரிந்தாள். பெல்லார்மின் அந்தப் பல்புகளை மட்டும் கழற்றச் சொன்னார். ஒப்பந்தக்காரர் மாதக் கடைசிவரைதான் வண்டியை விட்டுவைப்பேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அன்றைக்குத்தான் பெல்லார்மின் ஏசுவடியானைத் தேடி வந்தார். நான் வலைக்கயிறு முடிந்துகொண்டு பக்கத்தில் இருந்தேன்.

"வீங்கினது எப்போ சுருங்கும்?"

"பயம் போனா சுருங்கும்."

"பயம் போச்சுண்ணு அதுக்கு எப்படித் தெரியும்?"

"நாம போனா தெரியும்" என்றார் ஏசுவடியான். சொன்னபிறகுதான் எதைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கயிற்றைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டார். அதற்குப்பின் இந்தக் காரியத்தில் அவர் வாயே திறக்கவில்லை.

அப்படித்தான் நாங்கள் அன்பாக இருப்பது என்று முடிவு செய்தோம். பதினாறாம் நாள் கோயில் மைக்கில் ரோடு வளைந்து போகும், மெற்றில்டாவின் வீட்டுக்கு ஒன்றும் வராது என்று அறிவித்தார்கள். ஜேசிபியை ஐஸ் பாக்டரிக்குப் பின்னால் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினோம். துப்பினவர்கள் "எக்கா, சொகமா?" என்று கேட்டுப் போனார்கள். கருவாடு உலர்த்தினவள் ஒரு படி நெத்திலி கொண்டுவந்து வைத்தாள். நானும் போனேன். பல் தெரியச் சிரித்து, "ஒண்ணும் பயப்படாதே எக்கா, நாங்கல்லாம் இருக்கோம்" என்றேன். பதினாறு நாளில் முதல்முறையாக அவள் வாய் திறந்து பேசினாள். குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது குரல்.

"லேய் தொபியாசு, நீ கயிறோட வந்தப்போ எனக்குப் பயமில்ல. இப்பதான் பயமாருக்கு."

அன்று அவள் இன்னும் ஒரு சாண் வீங்கினாள். பிள்ளைகளின் கரிக்கோடு மறைந்துபோனது.

பெல்லார்மின் இரண்டு நாள் யோசித்தார். பிறகு தன் பெண்சாதி டெல்பினை அனுப்பினார். டெல்பின் மெற்றில்டாவுக்கு ஓர்ப்படியாள். முப்பத்தெட்டு வயசு, கூட்டத்தில் இருந்தாலும் இருப்பது தெரியாத பெண். ஊருக்கு முன்மாதிரி காட்ட வேண்டும் என்று பெல்லார்மின் தெருவில் முதலாவதாக இடித்தது அவளுடைய வீட்டைத்தான், அவள் தாய் அவளுக்குக் கொடுத்த வீட்டை. அன்றைக்கு அவள் கிணற்றடியில் நின்று பார்த்தாள். அழவில்லை. முருங்கை மரம் சாயும்போது மட்டும் ஒரு கையை நீட்டினாள், பிறகு அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். காலனி வீடு முடியாததால் அதுமுதல் எங்களைப்போல அவர்களும் மேட்டில் தகரக் கொட்டகையில் இருந்தார்கள்.

பத்தொன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, தூக்குச்சட்டியில் கஞ்சியும் வாழையிலையில் சாளை மீனைப் புளிவிட்டு வற்றவைத்த புளிமுளமும் எடுத்துக்கொண்டு டெல்பின் போனாள். பக்கத்து வீட்டின் இடிபாட்டுக்குப் பின்னால் நாங்கள் பன்னிரண்டு பேரும் பெல்லார்மினும் குனிந்து இருந்தோம். மெற்றில்டா சுருங்குவதற்குக் குரைக்க வேண்டும், குரை கேட்டதும் ஓடிப்போய் அமுக்கித் தூக்கிவிட வேண்டும். ஜேசிபி தயாராக நின்றது. எங்கள் தலைக்கும் அவர்களுக்கும் நடுவே எட்டடி தூரம்கூட இல்லை, ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"கஞ்சி கொண்டாந்திருக்கேன் எக்கா."

தூக்குச்சட்டியைப் படியில் வைக்கும் சத்தம் வந்தது.

"அவிய அனுப்பியிருக்காவ" என்றாள் டெல்பின். "நீ சுருங்குனதும் பிடிக்கதுக்கு அந்தச் செவருக்குப் பின்னால பதிமூணு பேரு இருக்காவ."

பெல்லார்மின் மண்ணைக் கையால் அள்ளிப் பிசைந்தார். எழுந்து ஓடலாமா என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அது எனக்குத் தெரியும்" என்றது குடத்துக் குரல். "கயித்து நாத்தம் அடிக்கி."

"தெரியும்ணா சரி."

"பிறவு ஏண்டி சொல்லுதே?"

"பொய் சொல்லத் தெம்பில்ல எக்கா. மூணு வாரமா ஒறக்கம் இல்ல. தகரத்துக்குக் கீழ என்னத்த ஒறங்க?"

தூக்குச்சட்டியின் மூடியைத் திறக்கும் ஒலி வந்தது.

"எனக்காகப் பரிதாபப்பட்டு வந்தியோ?" என்றாள் மெற்றில்டா.

"உனக்காக ஒண்ணும் வரல்ல. நீ என்னைய எத்தன தடவ வாய்க்கு வந்தபடி பேசியிருக்கே. எனக்க கல்யாணத்தண்ணு கறியில உப்பில்லண்ணு எலைய எடுத்து எறிஞ்சவ நீ."

"உப்பில்லதான்."

"இல்லாம இருக்கட்டும். இப்பம் நீ எத்தன நாளா நிக்கே?"

"எண்ணல்ல."

"பத்தொம்பது. காலு ரெண்டும் வெறையுது, இங்கேருந்தே தெரியுது. இண்ணைக்கில்லண்ணா நாளைக்கு விழுவே, விழுந்தா தூக்கீருவாவ." டெல்பின் எழுந்திருப்பது தெரிந்தது. வளையல் ஓசை வந்தது. "நீ சுருங்கு. சுருங்கிக் கஞ்சியக் குடி. கொஞ்ச நேரம் நான் நிக்கேன்."

அதன் அர்த்தம் எங்களுக்கு அந்த நிமிஷம் விளங்கவில்லை. விளங்குவதற்குள் மெற்றில்டா குரைத்தாள். சாயங்காலக் குரைபோல ஒன்றல்ல, அடிவயிற்றிலிருந்து மூன்று குரை. அதோடு பத்தொன்பது நாள் கடல் முழுவதும் அவள் வாயிலிருந்து வாசற்படியில் கொட்டி, தெருவில் ஓடி, இடிபாடுகளுக்குள் புகுந்து, எங்கள் முழங்காலை நனைத்தது. "இப்பம்!" என்று பெல்லார்மின் கத்தினார். நாங்கள் பாய்ந்தோம்.

வாசலில் டெல்பின் நின்றாள். மெற்றில்டா குடிக்காமல் உள்ளே மிச்சம் வைத்திருந்த கடைசிக் குடம் அவள் கையில் இருந்தது, அதன் அடிப்பாகம் வானத்தைப் பார்த்திருந்தது. அவள் தொண்டை ஏறி இறங்கியது. நாங்கள் நான்கு எட்டு வைப்பதற்குள் அவள் தோள்கள் இரண்டும் நிலைக்கட்டைகளில் முட்டின, சட்டையின் தையல் விட்டது, கழுத்திலிருந்து தவிட்டு நிறம் கீழே இறங்கியது.

"டெல்பின்! அங்கேருந்து மாறு!" என்றார் பெல்லார்மின்.

"எனக்க வீட்ட இடிச்ச அண்ணு எங்கிட்டக் கேட்டியளா?"

"ஊருக்கு வேண்டி..."

"கேட்டியளா?"

பதினேழு வருஷத்தில் அவள் அவரிடம் ஒன்றைக் கேட்டு, இரண்டாம் முறையும் அதையே கேட்டது அதுதான் முதல்தடவை. அவளுக்குப் பின்னால் இருட்டில், விறகுக் கொள்ளிபோல வற்றிய மெற்றில்டா தரையில் உட்கார்ந்து கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்த வாயோடு, "எடி, நிலைய ரொம்ப முட்டாதே, எனக்கம்ம வச்ச நிலையாக்கும்" என்று டெல்பினை ஏசினாள்.

"மிண்டாம குடி எக்கா" என்றாள் டெல்பின்.

கயிறு எங்கள் கையில்தான் இருந்தது. தலைவர் பெண்சாதியின் இடுப்பில் கயிறு கட்ட யாருக்கும் கை வரவில்லை. அவரும் கட்டச் சொல்லவில்லை. வெயில் உச்சிக்கு வரும்வரை அங்கேயே நின்றோம், பிறகு ஒவ்வொருவராகக் கலைந்தோம். கடைசியாகப் போனவர் அவர்தான்.

மறுநாள் விடிந்ததும் இன்னாசியம்மாள், இடிந்த வீடுகளில் இரண்டாவது வீட்டுக்காரி, கடலில் குடித்து முடித்து ஈரத்தோடு வந்து, தன் வீட்டின் வாசல் இருந்த இடத்தில் நின்று வீங்கினாள். ஆனால் முட்டுவதற்கு அங்கே நிலை இல்லை, சுவர் இல்லை, வெறும் அஸ்திவாரம்தான். கடற்காற்று அவளைப் பந்துபோல உருட்டிக்கொண்டுபோய்க் கிணற்றுக் கட்டையில் சாய்த்தது. நாங்கள் சிலபேர் சிரித்தோம். அவள் அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டு குரைத்துக் குரைத்துக் கடலையெல்லாம் வெளியே விட்டாள், எழுந்தாள், சேலையைப் பிழிந்து உடுத்துக்கொண்டு நேராக மெற்றில்டாவின் வீட்டுக்கு நடந்தாள். "எனக்கும் ஒரு நேரம் தா" என்றாள். மெற்றில்டா அவளை வாசலில் நிறுத்திவைத்து, ஐந்து வருஷத்துக்கு முன்பு குழாயடியில் சொன்ன ஒரு சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க வைத்தபிறகுதான் உள்ளே விட்டாள்.

பிறகு முறை வைத்துக்கொண்டார்கள். வீடிழந்த பதினாறு பேரும் காலைக்கு ஒருத்தி, மதியத்துக்கு ஒருத்தி, அந்திக்கு ஒருத்தி. உள்ளே பாசம் பொங்கி வழிந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழைய சண்டை அத்தனையும் அங்கே நடந்தது. யாருடைய மகளின் சீதனத்தை யார் பழித்தார்கள், யாருடைய கோழியை யார் அடித்தார்கள் என்று நாள் முழுக்கச் சத்தம். ஆனால் நிலையில் ஒரு நிமிஷம்கூட இடைவெளி விழவில்லை. ஒருத்தி குரைத்துச் சுருங்கும்போதே அடுத்தவளின் தோள் கட்டையில் முட்டியிருக்கும்.

மாதக் கடைசியில் ஒப்பந்தக்காரர் வண்டியை வேறு துறைக்குக் கொண்டுபோனார். சேலத்துக்காரன் போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, அந்த வாசலைப் பார்த்து மட்டும் கையெடுத்துக் கும்பிட்டான். அடுத்த வருஷம் வேறொருவர் வந்து கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வளைத்து ரோடு போட்டார். லாரி வருகிறது, மீன் நோகாமல் போகிறது. நேராகப் போட்டால்தான் முடியும் என்று ஏன் அத்தனைபேரும் நம்பினோம் என்று இப்போது ஒருவருக்கும் ஞாபகமில்லை. பெல்லார்மின் தலைவர் பதவியை விட்டுவிட்டார். இடிந்த வீடுகளை எழுப்ப நாங்களே கல் சுமந்தோம். சில வீடுகள் எழும்பின, சில இன்னும் அஸ்திவாரமாகவே கிடக்கின்றன. மெற்றில்டா மீன் விற்கப் போகிறாள். அவள் ஊரை மன்னிக்கவில்லை, ஊரும் அவளை மன்னிக்கவில்லை.

எனக்குச் சொல்ல மிச்சம் இருப்பது ஒரு காலைதான். முறை தொடங்கி நான்காம் நாள் அது. என் பெண்சாதி அமலி எழுந்து முடியை முடிந்துகொண்டாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷம், ஒருநாளும் என்னை எதிர்த்துப் பேசாதவள். இடிந்ததில் பதினொன்றாவது வீடு அவளுடையது. இடிக்கப்போகிறார்கள் என்று அவளிடம் நான் சொன்னதே அதற்கு முந்தின நாள்தான்.

"எங்கே?" என்றேன்.

"எனக்க முறை."

அன்று கடல் கெட்டுக் கிடந்தது. கரையில் அலை ஆள் உயரம் எழுந்து உடைந்தது. நான் கொட்டகை மூலையிலிருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன். "நீ எறங்காதே. அல இழுத்துரும். வெள்ளம் நான் கோரித் தாறேன்" என்றேன்.

அவள் நின்றாள். வாளியைப் பார்க்கவில்லை, அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போட்ட கைதானே" என்றாள். "வேண்டாம்."

இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. குனிந்து வாய் வைத்துக் குடிக்கத் தொடங்கினாள். ஓர் அலை வந்து அவளை அடித்துத் தள்ளியது, தலை மறைந்தது. என்னை அறியாமல் நான் கடலுக்குள் நாலடி ஓடிவிட்டேன். அவள் நுரைக்குள்ளிருந்து எழுந்து, முகத்தை வழித்து, திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எங்கே நின்றேனோ அங்கேயே நின்றேன்.